திண்டுக்கல்லில் எடுத்த வில்

(ஆபிரகாம் பண்டிதரின் இசைத்தொண்டு குறித்த சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



பாட்டை எழுதுபவர் ஒருவர்; அதற்கு இசை அமைப்பவர் மற்றொருவர்; பாடுபவர் வேறொருவர்; கருவிகளை இயக்குவோர் பெயர் தெரியாத பலர்; பணம் போடுபவரோ இவர்கள் எவரையும் முகங்கொடுத்துப் பாராத இன்னொருவர். இதுதான் பாட்டு பிறக்கும் முறை என்று திரைப்படம் தமிழரைப் பழக்கிவிட்டது. அப்பழக்கத்தை உடைத்துக்கொண்டு அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர் புறப்பட்டிருக்கின்றனர். தாமே பாட்டெழுதுகின்றனர், தாமே மெட்டமைக்கின்றனர், கித்தாரும் முரசும் குழலும் தாமே இயக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பதிவு செய்து, தம் குரலையும் அதன்மேல் ஏற்றுகின்றனர். நாட்டுப்புற மெட்டும் மேலைநாட்டு 'இராக்' முழக்கமும் கலந்த ஒரு புதுக்கூட்டு அது. ஓர் அறையும், ஒரு கணிப்பொறியும், ஓர் ஒலிவாங்கியும் இருந்தால் போதும். எவர் வாயிலிலும் சென்று நிற்க வேண்டுவதில்லை.

மேலைநாட்டில் இது 50 ஆண்டுப் பழமை உடையது. 'பீட்டில்சு' குழுவிலிருந்து பிரிந்த பால் மெக்கார்ட்னி 1970-இல் தம் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்ட இசைத்தட்டில் கருவிகள் அனைத்தையும் தாமே இயக்கினார். 1973-இல் மைக் ஓல்டுபீல்டு என்னும் ஆங்கிலேய இளைஞர், இருபது அகவை நிரம்புமுன் பதிவு செய்த நெடும் இசைத்தொகுப்பு ஒன்றில் பெரும்பாலான கருவிகள் அவர் கைப்பட்டவையே. இவற்றைக் கேட்டு வியக்கின்ற தமிழ் இளைஞர், "தனியொருவனாக நின்று இசை செய்தல் மேலையர் தந்த வழி" என்று கருதிவிடுகின்றனர். தமிழ்ப்பற்றாளர் சிலரோ கித்தாரைக் கண்டதும் முகம் சுளித்து, "அயற்கருவி, அதில் தமிழ் ஏது?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இதே திண்டுக்கல்லில் இளமையைக் கழித்தவர். இந்த ஊரில்தான் அவர் அயல்நாட்டுக் கருவி ஒன்றின் வில்லைக் கையில் எடுத்தார். அதனைக் கொண்டே தமிழிசையின் தொன்மையை அளக்கப் புறப்பட்டார். அவர்தாம் ஆபிரகாம் பண்டிதர்.

பழந்தமிழ் அரங்கில் தொழில்கள் பிரிந்தே இருந்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் புரட்டினால் ஆடலாசான், இசையாசான், பாவலன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என்று அறுவரைத் தனித்தனியே நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை இளங்கோவடிகள் வகுத்துரைப்பதைக் காணலாம். அஃது அரசவை அரங்கு. அதற்குப் புறத்தே, ஊர் ஊராய் நடந்த பாணன் இருந்தான். பாட்டும் அவனது; யாழும் அவனது; பசியும் அவனது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என்று கருவிகளை வகுத்தபோது மாந்தர்தம் தொண்டையையும் ஒரு கருவியாக எண்ணிய இனத்தில், பாடுவோன் வேறு, கருவியாளன் வேறு என்னும் பிளவு அத்துணை ஆழமாக இருந்திருக்க முடியாது. பாணர் மரபு மங்கியது. அரங்க மரபு கோயிலிலும் அரண்மனையிலும் தங்கியது. பண்டிதர் பிறந்த காலத்தில் இசைவாணர் என்றால் புரவலர் ஒருவரின் நிழலில் வாழ்பவர் என்பதே பொருள்.

பண்டிதர் எல்லாக் கருவிகளையும் இயக்கியவர் என்று இங்கே புனைந்துரைப்பதற்கில்லை. ஆனால் ஓர் இசையாக்கத்துக்கு வேண்டிய எல்லாப் பணிகளையும் அவர் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார். பாட்டியற்றினார், இசை அமைத்தார், நரம்பை அளந்தார், பிறர்க்குக் கற்பித்தார், மாநாடு கூட்டினார், அச்சகம் நிறுவினார், இவ்வளவுக்கும் ஆன பொருளைத் தாமே ஈட்டினார். எவரிடமும் கையேந்தவில்லை. இந்நாளில் 'தன்னுரிமைப் பாடகர்' என்று பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறார்களே, அச்சொல்லுக்கு முழுப்பொருள் தந்த தமிழர் அவர்.

அவர் பிறந்தது 1859-ஆம் ஆண்டு ஆகத்து 2-ஆம் நாள். ஊர் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரை. தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். 1870-களில் திண்டுக்கல்லுக்கு வந்து, கிறித்தவ சமயப் பணியாளர் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அதன் தலைவராக இருந்தவர் யார்க் என்னும் ஆங்கிலேயர். மாணவராக நுழைந்த இளைஞர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். அந்நாளைய திண்டுக்கல்லை எண்ணிப் பாருங்கள். மொட்டைப் பாறைமேல் கோட்டை, அடிவாரத்தில் புகையிலைச் சந்தை, அருகே சிறுமலை, சுற்றிலும் மழையை நம்பிய புன்செய்க் காடுகள். இசையரங்குகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அன்று இது. தஞ்சையும் குடந்தையும் எங்கே, திண்டுக்கல் எங்கே? ஆயினும் சடையாண்டிப் பட்டர் என்னும் இசையாசான் இங்கே இருந்தார். பள்ளி ஆசிரியரான இளைஞர் அவரிடம் சென்று வயலின் கற்றார்.

வயலின் அன்று தமிழ்நாட்டுக்கு மிகப் பழகிய கருவி எனச் சொல்ல முடியாது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அதனைத் தென்னாட்டு இசைக்கு ஏற்பப் பழக்கி எடுத்தனர். பண்டிதர் கற்றபோது அதற்கு இங்கே வயது இரண்டு மூன்று தலைமுறை. இன்றோ வயலின் இல்லாத தமிழ்நாட்டு இசையரங்கைக் காண்பது அரிது. அதனை அயலது என்று இறக்கிவைக்கச் சொல்பவர் எவரும் இலர். கருவி என்பது கைக்குத் துணை. அதில் எழுகின்ற பண் எவருடையது என்பதே கேள்வி. கித்தாரைக் கண்டு சினக்கும் அன்பர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வயலினில் கட்டை இல்லை, மெட்டு இல்லை. கித்தாரில் விரல் எங்கே நின்றாலும் மெட்டுக்கம்பி ஒலியைத் திருத்திவிடும். வயலினில் மயிரிழை விலகினாலும் நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். அதனைக் கற்பவனுக்கு ஒவ்வொரு நாளும் எழும் ஐயம் ஒன்றுண்டு: "இந்த ஒலிக்கு உரிய இடம் எது? அவ்விடத்தை வரையறுத்தவர் யார்?" பண்டிதரின் வாழ்நாள் ஆராய்ச்சி முழுவதும் இவ்வொரு வினாவின் விரிவே. அவ்வினாவின் முதல் முளை திண்டுக்கல்லில் அவ்வில் கையேறியபோதே விழுந்திருக்கும் என்று கருதுவது மிகையாகாது.

திண்டுக்கல் வாழ்க்கை அவருக்கு இன்னொன்றையும் தந்தது. மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றபோது கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு, சித்த மருத்துவ முறைகளை அவரிடம் கேட்டறிந்தார். பிற்காலத்தில் தம் மருத்துவச் சாலைக்கும் தோட்டத்துக்கும் இசைநூலுக்கும் 'கருணை' என்னும் சொல்லை முன்வைத்துப் பெயரிட்டமைக்கு அத்துறவியின் நினைவே காரணம். 1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களாகப் பணிபுரிந்தனர். 1890-இல் பள்ளிப்பணியை விட்டுவிட்டு மருத்துவத்தில் முழுமூச்சாக இறங்கினார். அவருடைய மருந்துகள் கடல் கடந்தும் விற்றன. தஞ்சைக்கு அருகே நிலம் வாங்கிப் பெருந்தோட்டம் அமைத்தார். செல்வம் சேர்ந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். கலைஞன் வறியவனாக இருந்தால்தான் கலை தூயதாக இருக்கும் என்னும் ஒரு மூடக்கருத்து நிலவுகிறது. பண்டிதர் அதனைப் பொய்யாக்கினார். மருந்து விற்ற காசில்தான் இசையாராய்ச்சி நடந்தது. புரவலர் காசில் நடந்திருந்தால் புரவலருக்குப் பிடிக்காத முடிவை எழுதியிருக்க முடியுமா? வடமொழி நூல்களே இசைக்கு முதல்நூல்கள் என்று அரண்மனைகளும் அவைகளும் நம்பிய காலத்தில், "அன்று, தமிழே முதல்" என்று சொல்வதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது, பிறர் கையை நோக்காத சோறும் வேண்டும். இன்று தனியாக இசை செய்கின்ற இளைஞர் பகலில் வேறொரு தொழில் செய்து பிழைக்க நேர்ந்தால் அதற்காக நாணவேண்டியதே இல்லை.

1907-இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்னும் பாட்டுத்தொகுப்பை வெளியிட்டார். இசை பயில்வோர்க்கெனத் தாமே இயற்றி இசையமைத்த 96 உருப்படிகள் அதில் அடங்கும். அத்தனையும் தமிழ். இசைப்பயிற்சியின் தொடக்கப் பாடங்களிலேயே தெலுங்கையும் வடமொழியையும் பொருள் தெரியாமல் வாயில் போட்டு மென்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு, பொருள் தெரிந்து பாடும் பாடங்களை ஆக்கித் தந்தது அந்நூல். தமிழிசை இயக்கம் என்று பின்னாளில் பேசப்பட்டது 1940-களின் எழுச்சி. அண்ணாமலை அரசர் முன்னின்று சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவியது 1943-இல். அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையில் ஒரு மருத்துவர் தனியே அமர்ந்து அவ்வேலையைத் தொடங்கிவிட்டார்.

பாட்டோடு அவர் நிற்கவில்லை. 1912-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் 'தஞ்சை சங்கீத வித்தியா மகாசன சங்கம்' என்னும் அமைப்பின் முதல் மாநாட்டைக் கூட்டினார். தொடர்ந்து 1916 வரை ஏழு மாநாடுகள். வந்தோரின் உணவு, உறையுள் உட்பட்ட முழுச்செலவும் அவருடையது. அங்கே நடந்தவை வெறும் கச்சேரிகள் அல்ல. இசையின் அலகுகள் எத்தனை, பண்களின் இலக்கணம் யாது என்ற வழக்குரைகள். தம் கருத்துக்கு மாறானவர்களையும் அழைத்து, சோறிட்டு, எதிரே அமரவைத்து, "மறுத்துப் பேசுங்கள்" என்றவர் அவர். தனித்து இயங்கியவர்தாம், ஆனால் தனிமையில் பதுங்கியவர் அல்லர். கதவைச் சாத்திக்கொண்டு ஒலிப்பதிவு செய்து, புகழ்வோரை மட்டும் நண்பராகக் கொள்ளும் இக்காலத்து இளம் பாட்டாளர், பண்டிதரிடம் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவாகவே இருக்கலாம்.

அவர் நிறுவ முயன்றது என்ன என்பதைச் சிறிது விளக்கமாகவே கூறவேண்டும். பாராட்டுபவர் பலர்; பாராட்டப்படும் பொருள் யாது என்று கேட்டால் விழிப்பவரும் அவர்களே.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழிசையின் ஏழு நரம்புகள். நரம்பு என்னும் சொல் யாழின் தந்தியையும் குறிக்கும். அதிலெழும் இசையொலியையும் குறிக்கும். கண்ணால் காணும் பொருளும் காதால் கேட்கும் பொருளும் ஒரே சொல்லில் அடங்கிய அழகு அது. குரலிலிருந்து தொடங்கி ஐந்தாவதாகிய இளியைப் பிடித்து, அவ்விளியையே குரலாக நிறுத்தி அதன் இளியைக் கண்டால் துத்தம் கிடைக்கும். துத்தத்தின் இளி விளரி. விளரியின் இளி கைக்கிளை. கைக்கிளையின் இளி தாரம். இவ்வாறே பன்னிரண்டு முறை சுற்றினால் பன்னிரண்டு நிலைகளும் தோன்றிப் புறப்பட்ட குரலுக்கே திரும்பிவரும். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையில், வானத்துப் பன்னிரு ஓரைகளை வட்டமாக அமைத்து அவற்றில் நரம்புகளை நிறுத்திக் காட்டும் முறை காணப்படுகிறது. உ. வே. சாமிநாதர் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றியது 1892-இல். ஏட்டில் அடைபட்டுக் கிடந்த அச்செய்தி வெளிவந்த பின்னரே பண்டிதரின் ஆராய்ச்சிக்கு நிலைக்களம் கிடைத்தது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. தந்தியின் முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒலிக்கச் செய்தால் இளி பிறக்கும் என்பது உலகெங்கும் வழங்கிவந்த கணக்கு. ஆனால் அக்கணக்கின்படி பன்னிரண்டு முறை சுற்றினால் வட்டம் மூடாது. தொடங்கிய குரலைத் தாண்டி, ஓர் அரைநரம்பின் நான்கில் ஒரு பங்கு அளவு ஒலி மேலே போய்விடும். கிரேக்க நாட்டார் முதல் இத்தாலியர் வரை மண்டையை உடைத்துக்கொண்ட புதிர் இது. பண்டிதர் கூறினார்: பழந்தமிழரின் வட்டம் மூடுகின்ற வட்டம், ஆகவே பன்னிரண்டு நிலைகளும் ஒத்த இடைவெளி உடையவையாகவே இருத்தல் வேண்டும். பன்னிரண்டாகப் பகுப்பது ஆயப்பாலை. அதனை இரட்டித்து 24 அலகாகப் பகுப்பது வட்டப்பாலை. மேலும் இரட்டிக்க 48. பின்னும் இரட்டிக்க 96. இவற்றுக்குரிய தந்தி நீளங்களை எண்ணளவில் கணக்கிட்டு, பட்டியல் பட்டியலாகத் தம் நூலில் நிரப்பினார். 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய 'சங்கீத இரத்தினாகரம்' கூறும் 22 அலகு முறை வட்டத்தை ஒழுங்காக மூடாது என்று மறுத்தார்.

இப்பொழுது அந்தக் கித்தாரைப் பாருங்கள். தந்தியின் நீளம் 100 என்று கொண்டால், முதல் மெட்டுக்கம்பி தலைப்பிலிருந்து 5.61-இல் நிற்கும், பன்னிரண்டாவது மெட்டுக்கம்பி சரிபாதியாகிய 50-இல் நிற்கும். இடையிலுள்ளவை அனைத்தும் ஒரே விழுக்காட்டில் குறைந்துகொண்டே செல்லும். பன்னிரண்டு ஒத்த பங்குகள்! பண்டிதர் ஆயப்பாலை என்று எதனைக் கணக்கிட்டாரோ, அதுவே அக்கருவியின் கழுத்தில் கம்பிகளாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. கித்தார் இயக்கும் தமிழ் இளைஞன் தன் விரலடியில் இருப்பது எது என்று அறியாமலேயே அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கிறான். இதனைக்கொண்டு கித்தாரைத் தமிழர்தாம் கண்டுபிடித்தனர் என்று எவரேனும் துள்ளிக் குதித்தால் அது நகைப்புக்கே இடமாகும். மேலையர் தம் தேவைக்குத் தாமாகவே அவ்வளவைக்கு வந்தனர். அதே அளவைப் பழந்தமிழ் நூலின் வழிநின்று கண்டதாகப் பண்டிதர் உரைத்தார் என்பதே செய்தி. இச்செய்தியே போதுமான பெருமை உடையது, மிகைப்படுத்தத் தேவையில்லை.

1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. வடநாட்டு இசைப்புலவர்கள் நிறைந்த அந்த அவைக்குப் பண்டிதர் தம் குடும்பத்தாருடன் சென்றார். 22 அலகே முறை என்போர் முன்னிலையில் தம் கொள்கையைக் கட்டுரையாக வைத்தார். வாய்ப்பேச்சோடு விடவில்லை, அவர்தம் மகளிர் வீணையில் இசைத்துக் காட்டினர். கணக்கை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். கேட்ட ஒலியை மறுப்பது எங்ஙனம் என்பதே அவர் நோக்கு. பெண்கள் அவையேறி இசைக்கத் தயங்கிய காலத்தில், ஆராய்ச்சிக்குச் சான்றாகவே பெண்மக்களை முன்னிறுத்தியது தனியே ஒரு புரட்சி. இதனைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை.

1917-இல் 'கருணாமிர்த சாகரம்' முதற்புத்தகம் வெளிவந்தது. 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். அதனை அச்சிட்டது தஞ்சையில் அவர் தாமே நிறுவிய 'லாலி மின் அச்சகம்'. ஆளுநராக இருந்த லாலி என்பவர் பெயரால் அது வழங்கியது. அலகாராய்ச்சியோடு, தென்னாட்டு இசைவாணர் நூற்றுக்கணக்கானோரைப் பற்றிய குறிப்புகளையும் அந்நூலில் தொகுத்து வைத்தார். அவர் எழுதி வைத்திராவிடின் அவர்களுட் பலருடைய பெயரும் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

அன்பர்களே! இங்கே ஒரு முள் உறுத்தும். தமிழிசைக்கு வாழ்வை ஈந்தவர் தம் நூலுக்குச் சூட்டிய பெயர் 'கருணாமிர்த சாகரம்'. அவர் கண்ட கழகம் 'சங்கீத வித்தியா மகாசன சங்கம்'. ஒரு சொல்லேனும் தமிழா? நூலின் உரைநடையும் அத்தகையதே. தனித்தமிழ் உணர்வுடையோர் சிலர் இதனாலேயே அந்நூலைத் தொடாமல் விட்டதுண்டு. ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் தெளிவு பிறக்கும். வேதாசலம் என்னும் பெயரைத் துறந்து மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916-இல். பண்டிதர் பரோடா அவையில் நின்றதும் அதே ஆண்டில். அவருடைய மொழிநடை அதற்கு முந்திய அரை நூற்றாண்டில் உருவாகிவிட்ட நடை. அடிகள் சொல்லைத் தூய்மை செய்யப் புறப்பட்டபோது, பண்டிதர் அவ்வடமொழிச் சொற்களை வைத்துக்கொண்டே, அச்சொற்கள் மூடியிருந்த பொருள் தமிழுடையது என்று நிறுவிக்கொண்டிருந்தார். உறை அயலது, வாள் தமிழது. உறையைக் கண்டு வாளை வீசியெறிவது அறிவுடைமையன்று. இராகத்தைப் பண் என்றும், சுருதியை அலகு என்றும், ஆலாபனையை ஆளத்தி என்றும் மாற்றி எழுதும் பணி பின்வந்தோர்க்குரியது. அதனைச் செய்தாரா என்று பின்வந்தோரைத்தான் கேட்கவேண்டும்.

அவருடைய முடிவுகளை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுவதும் உண்மையன்று. ஈழத்துப் பெரியார் விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட 'யாழ் நூல்' 22 அலகுக் கொள்கையின்மேல் நிற்பது. இருவரும் தமிழிசையின் தொன்மைக்கே உழைத்தவர். இருவரும் சிலப்பதிகாரத்தையே அடிப்படையாகக் கொண்டவர். ஆயினும் கண்ட எண் வேறு. நாட்டுப்புறப் பாடகரின் தொண்டையும் நாகசுரக்காரரின் சீவாளியும் இவ்விரு கணக்குக்கும் கட்டுப்படாமல் நரம்புக்கும் நரம்புக்கும் இடையே குழைந்து செல்கின்றன என்பதையும் மறத்தற்கில்லை. ஆதலின் பண்டிதரை வழிபடுவதைக் காட்டிலும் படித்து வழக்காடுவதே அவர் விரும்பிய மாநாட்டு முறைக்கு ஏற்றது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அவருடைய நாட்டம் இலக்கண நூலின் மேலும் நரம்பின் மேலுமே நின்றது. திண்டுக்கல் சமவெளியின் தோல் அவர் கணக்கில் பெரிதும் ஏறவில்லை. இது தோல் பதனிடும் ஊர். உறுமியும் தவிலும் பறையும் முழங்கும் ஊர். தேவராட்டத்தின் அடவுகள் உறுமி ஒலிக்கு எழும் நிலம். வயற்காட்டிலும் இழவு வீட்டிலும் பாடப்பட்ட பாட்டை அளக்க எந்த மாநாடும் கூடவில்லை. பறையைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய இழிவை எதிர்த்து, அதே பறையைப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு அரங்கேறிய வரலாறு பின்னர் இந்நகரிலேயே சக்தி கலைக்குழுவால் எழுதப்பட்டது. மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிப் 'பரட்டை' என்னும் பெயரில் பாட்டியற்றி, 2005-இல் மறைந்த தியாபிலசு அப்பாவு, வழிபாட்டு இசையையே நாட்டுப்புற மெட்டுக்கு இறக்கிக் கொண்டுவந்தார். பண்டிதர் விட்ட இடத்தை நிரப்பியவர்கள் இவர்கள்.

இனி, தனியறையில் அமர்ந்து எல்லாக் கருவிகளையும் தானே இயக்கிப் பாட்டுச் செய்யும் இளைஞனிடம் கேட்பதற்குச் சில உள. அவன் பாட்டின் மொழி தமிழா, ஆங்கிலம் கலந்த குழம்பா? அவன் பயன்படுத்தும் பண்ணுக்கு உரிய தமிழ்ப்பெயரை அவன் அறிவானா? உறுமியின் ஒலியைக் கணிப்பொறியிலிருந்து எடுத்துப் போடுகிறானே, வேடசந்தூர்ப் பக்கத்திலோ நத்தம் பக்கத்திலோ அதனை இயக்கும் முதியவர் ஒருவரிடம் ஒருநாள் சென்று அமர்ந்ததுண்டா? கையில் உள்ள கருவியை மாற்றச் சொல்லவில்லை. 1907-இல் வெளிவந்த அந்த 96 உருப்படிகளில் பத்தையேனும் எடுத்து, கித்தாரிலும் உறுமியிலும் இசைத்துப் பாடிப் பதிவு செய்ய இவ்வூர் இளைஞர் ஒருவர் முன்வந்தால் போதும். பாட்டுக்கு உரிமைத்தொகை கேட்பார் இலர். நூல் நூறாண்டைக் கடந்துவிட்டது.

பண்டிதர் 1919-ஆம் ஆண்டு ஆகத்து 31-ஆம் நாள் மறைந்தார். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம் அவர் கண்ணால் காணாத நூல். அவர் எழுதி வைத்துச் சென்ற தாள்களை மக்கள் காத்து வைத்திருந்து, 27 ஆண்டுகளுக்குப் பின் 1946-இல் அச்சிட்டு வெளிக்கொணர்ந்தனர். மகனார் வரகுண பாண்டியன் தந்தையின் வழியில் யாழை ஆராய்ந்து, 'பாணர் கைவழி' என்னும் நூலை 1950-இல் வெளியிட்டார். திண்டுக்கல்லில் ஒரு பள்ளி ஆசிரியர் கையில் ஏறிய வில், பாணன் கையிலிருந்த யாழைத் தேடிச் சென்று சேர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.